பரணில் உறங்கும் பாட்டுப் பெட்டி

ஆனி பிறந்துவிட்டால் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்று, செங்கோட்டை, தென்காசி வட்டாரம் முழுவதையும் நனைத்துக் குளிர வைக்கும். வெளியே போக முடியாத அப்படியொரு மழைநாளில் நீங்கள் வீட்டுப் பரணில் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னால் பழந்துணி சுற்றிய ஒரு மரப்பெட்டி இருக்கிறது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சுழல்தட்டு. வளைந்த ஒரு கை. அடியில் தூசி படிந்த நாலைந்து கண்ணாடிக் குழல்கள். பக்கத்தில் கறுப்பு இசைத்தட்டுகள் சில அடுக்கப்பட்டிருக்கின்றன. மேலே உள்ள தட்டின் நடுவில் ஒட்டிய தாளில் எஸ். ஜி. கிட்டப்பாவின் பெயர்!

உடனே உங்கள் கை எதைத் தேடும்? சுவரில் உள்ள மின் இணைப்பைத்தான். சற்றுப் பொறுங்கள். பல ஆண்டுகள் உறங்கிய பெட்டிக்குத் திடீரென்று மின்சாரம் கொடுத்தால் அது எரிந்து போகலாம். பொருந்தாத ஊசியை வைத்தால் அந்தத் தட்டு ஒரே நாளில் பாழாகலாம். பெட்டி போனால் வேறொன்று கிடைக்கும். அந்தத் தட்டு போனால்?

கிட்டப்பா 1906இல் செங்கோட்டையில் பிறந்தவர். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த ஊர். 1956 நவம்பர் 1ஆம் நாள்தான் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. சிறு வயதிலேயே நாடக மேடை ஏறி, எட்டாத உச்சத்திலும் பிசிறாத குரலால் தமிழ்நாட்டையே கட்டிப்போட்ட கிட்டப்பா, 1933 டிசம்பர் 2ஆம் நாள் தம் இருபத்தேழாம் வயதில் மறைந்தார். தமிழில் பேசும் படம் வந்து அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அவர் படங்களில் நடிக்கவில்லை. ஆகவே அந்தக் குரலைக் கேட்க நமக்கு உள்ள ஒரே வழி அவர் பாடிய இசைத்தட்டுகள்தாம்.

அவர் எந்தச் சுருதியில் பாடினார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா? அதற்கு விடை தட்டில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி அதைச் சுழற்றும் கருவியில் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

அரக்கில் எழுதிய ஓசை

ஒலி என்பது காற்றின் அதிர்வு. அந்த அதிர்வை ஒரு பொருளில் கோடாகப் பதித்து, மீண்டும் ஒலியாக மாற்ற முடியும் என்று 1877இல் காட்டியவர் எடிசன். அவர் பயன்படுத்தியது உருளை. அதைத் தட்டையான வட்டாக மாற்றி 1887இல் கிராமபோனுக்கு வழி வகுத்தவர் எமில் பெர்லினர். உருளையைவிடத் தட்டை எளிதாக அச்சிடலாம். ஒரே அச்சிலிருந்து ஆயிரக்கணக்கில் படிகள் எடுக்கலாம். 1908இல் கல்கத்தாவிலேயே இசைத்தட்டுத் தொழிற்சாலை தொடங்கிவிட்டது.

நம் நாட்டில் தொழிற்சாலை அமைந்ததில் வியப்பில்லை. அக்காலத் தட்டுகளுக்கு வேண்டிய முக்கியப் பொருள் அரக்கு. தபால் உறைக்கு முத்திரையிடும் அரக்குக்கும், பாரதத்தில் பாண்டவர்களுக்குக் கட்டிய அரக்கு மாளிகைக்கும் மூலமான அதே பொருள்தான்! மரக்கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. அதை உலகுக்கு மிகுதியாக அளித்த நாடு இந்தியா. அரக்கோடு கற்பொடியும் கரித்தூளும் பஞ்சு இழையும் சேர்த்துச் சூடாக்கி அழுத்தினால் கறுப்புத் தட்டு கிடைக்கும். 'பிளேட்' என்று நம் பாட்டனார்கள் அழைத்தது இதைத்தான்.

தட்டின் மேல் தெரியும் வளையங்கள் தனித்தனி வளையங்கள் அல்ல. வெளி ஓரத்தில் தொடங்கி உள்நோக்கிச் சுருண்டு செல்லும் ஒரே பள்ளம். இதை வரிப்பள்ளம் என்போம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்றேகால் நிமிடம் பாடும். நிமிடத்திற்கு 78 சுற்று என்றால் மொத்தம் 250 சுற்றுகளுக்கு மேல். ஒரு சுற்றின் சராசரி நீளம் 53 சென்டிமீட்டர் அளவு. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். பள்ளத்தின் நீளம் சுமார் 130 மீட்டர்! அந்த 130 மீட்டர்ப் பாதையின் சுவர்கள் இடமும் வலமுமாக நெளிந்திருக்கின்றன. அந்த நெளிவே பாட்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. அழுக்கான தட்டைத் துடைக்கச் சிலர் ஸ்பிரிட்டை எடுப்பார்கள். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். தச்சர் மரச்சாமானுக்குப் பூசும் பாலிஷ் ஒன்று, ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்துச் செய்வதுதான். ஆகவே ஸ்பிரிட்டால் துடைத்தால் அழுக்கோடு பாட்டும் கரைந்து வந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பைக் கலந்து, மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, நல்ல நீரால் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். நடுவில் உள்ள தாள் நனையக் கூடாது. 1948 முதல் வந்த எல்.பி. தட்டுகள் வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அவற்றுக்கு இந்த ஆபத்து இல்லை.

சுழற்சியும் சுருதியும்

பாட்டு பதிவாகும்போது தட்டு எந்த வேகத்தில் சுழன்றதோ, அதே வேகத்தில் நாம் கேட்கும்போதும் சுழல வேண்டும். வேகம் குறைந்தால் பள்ளத்தின் நெளிவுகள் ஊசியை மெதுவாக ஆட்டும். அதிர்வெண் குறையும், சுருதி இறங்கும். வேகம் கூடினால் சுருதி ஏறும்.

எவ்வளவு? ஆர்மோனியத்தில் ஒரு கட்டையிலிருந்து அடுத்த அரைக் கட்டைக்குப் போக, அதிர்வெண் சுமார் 6 சதவிகிதம் மாறினால் போதும். 78 சுற்றுப் போக வேண்டிய தட்டு 73½ சுற்றுத்தான் போகிறது என்று வையுங்கள். 5 கட்டையில் பாடியவர் 4½ கட்டையில் பாடியது போலக் கேட்கும். பாட்டின் காலப்பிரமாணமும் தளர்ந்துவிடும். கேட்பவர், 'கிட்டப்பாவின் உச்சம் இவ்வளவுதானா?' என்று நினைப்பார். குறை பாடியவரிடம் இல்லை. காய்ந்த மசகிலும் தேய்ந்த ரப்பரிலும் இருக்கிறது.

மின்சாரச் சுழல்தட்டின் அடியில் ஒரு சிறு மோட்டார் உண்டு. அதன் அச்சில் படிப்படியாகத் தடித்த ஒரு சிறு கப்பி இருக்கும். கப்பிக்கும் தட்டின் உள்விளிம்புக்கும் நடுவே ஒரு ரப்பர்ச் சக்கரம் அழுந்தி நிற்கும். கப்பியின் எந்தப் படியை ரப்பர்ச் சக்கரம் தொடுகிறதோ அதைப் பொறுத்து 33⅓, 45, 78 என்று வேகம் மாறும். ஆண்டுகள் ஆக ஆக ரப்பர் கெட்டிப்பட்டு வழுக்கும். ஒரே இடத்தில் அழுந்தி நின்றிருந்தால் பள்ளம் விழுந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் 'டப் டப்' என்று ஒலிக்கும். மோட்டாரின் பழைய மசகு பிசினாக இறுகியிருக்கும். பிசினை மண்ணெண்ணெயால் நீக்கி, அச்சின் தாங்கிகளுக்கு இரண்டு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் விடுங்கள். எண்ணெய் ரப்பர்மீது படவே கூடாது. பாதி வேக நோய்கள் இத்துடன் தீர்ந்துவிடும்.

அமெரிக்காவிலிருந்து வந்த கருவிகளை வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே மின்னோட்டத்தின் அதிர்வெண் 60, இங்கே 50. கப்பியை மாற்றாமல் ஓட்டினால் 78 சுற்றுப் போக வேண்டிய தட்டு 65 சுற்று அளவே போகும். அங்குள்ள மின்னழுத்தமும் நம்முடையதில் பாதிதான். நேராகச் செருகினால் மோட்டார் எரிந்துவிடும்.

நீங்களே செய்து பாருங்கள்

வேகத்தை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடத்தில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். இது முதற்சோதனை.

இன்னும் துல்லியம் வேண்டுமானால் கோட்டு வட்டு ஒன்று செய்துகொள்ளலாம். நம் வீட்டு மின்னோட்டம் வினாடிக்கு 50 முறை திசை மாறி வருவதால், பழைய சோக் வைத்த குழல் விளக்கும் நியான் விளக்கும் வினாடிக்கு 100 முறை, அதாவது நிமிடத்திற்கு 6000 முறை மின்னி அணைகின்றன. நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஓர் அட்டை வட்டின் ஓரத்தில் 180 கோடுகளைச் சம இடைவெளியில் வரையுங்கள். கோணமானியில் இரண்டு பாகைக்கு ஒன்று, எளிய வேலை. தட்டு நிமிடத்திற்கு 33⅓ சுற்றுப் போனால், ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடையே சரியாக ஒரு கோட்டின் இடத்துக்கு அடுத்த கோடு வந்து நிற்கும். ஆகவே கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தோன்றும்! 78 சுற்றுக்கு 77 கோடுகள் வேண்டும். 45 சுற்றுக்கு 133 கோடுகள். (6000ஐச் சுற்றின் எண்ணிக்கையால் வகுத்துச் சரிபார்த்துக் கொள்ளுங்கள்.)

கோடுகள் தட்டு சுழலும் திசையிலேயே மெல்ல நகர்ந்தால் வேகம் அதிகம். எதிர்த்திசையில் நகர்ந்தால் வேகம் குறைவு. சோதனையின்போது தட்டின்மேல் ஊசி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஊசியின் இழுப்பும் வேகத்தைக் குறைக்கும் அல்லவா? இன்றைய எல்.இ.டி. விளக்குகள் பல இவ்வாறு மின்னுவதில்லை. எனவே பழைய குழல் விளக்கையோ நியான் விளக்கையோ தேடிக்கொள்ளுங்கள்.

ஊசி செய்யும் நன்மையும் தீமையும்

சாவி கொடுக்கும் கிராமபோனில் ஊசியும் ஒலிப்பெட்டியும் சேர்ந்து 100 கிராமுக்கு மேற்பட்ட எடையோடு தட்டை அழுத்தின. எஃகு ஊசி விரைவில் தேயும். தட்டில் கற்பொடி கலந்ததே அதற்காகத்தான். தட்டுக்குப் பதில் ஊசி தேயட்டும் என்பது ஏற்பாடு. எனவே ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி என்று மாற்ற வேண்டும். பழைய ஊசியையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால், கூர்மாறிய அதன் விளிம்பு உளிபோலப் பள்ளத்தைச் செதுக்கும். அக்காலத்துத் தட்டுகள் பல நரைத்துப் போய் 'கர கர' என்று ஒலிப்பதற்கு இந்தச் சிக்கனமே காரணம்.

மின்சார ரிக்கார்டு பிளேயரில் நீலக்கல் அல்லது வைரமுனை ஊசி இருக்கும். அழுத்தும் எடையோ மிகக் குறைவு. பழைய படிகத் தலைகளுக்கு 8 முதல் 10 கிராம். பிற்காலக் காந்தத் தலைகளுக்கு 1½ முதல் 3 கிராம். நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற சிறிய எலெக்ட்ரானிக் தராசில் ஊசியை மெல்ல இறக்கி இந்த எடையை அளந்துவிடலாம். எடை கூடினால் தட்டு தேயும். எடை மிகக் குறைந்தாலும் தீமையே. ஊசி பள்ளத்தில் நிற்காமல் துள்ளி, சுவர்களை இடித்துக் காயப்படுத்தும்.

ஊசியின் முனையளவும் முக்கியம். 78 தட்டின் பள்ளம் அகன்றது. அதற்கு ஏற்ற முனையின் ஆரம் சுமார் 0.07 மி.மீ. எல்.பி. தட்டின் பள்ளம் நுண்ணியது. அதற்கு 0.025 மி.மீ.; ஸ்டீரியோத் தட்டுக்கு 0.018 மி.மீ. எல்.பி. ஊசியைக் கிட்டப்பா தட்டில் வைத்தால், அது சுவர்களைத் தொடாமல் பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியில் உருளும். பாட்டைவிட இரைச்சலே அதிகம் வரும். பெரிய ஊசியை எல்.பி. தட்டில் வைத்தாலோ பள்ளத்தின் மேல் விளிம்பை உரித்துவிடும். இதற்காகவே பல பிளேயர்களில் இரு பக்கமும் ஊசியுள்ள, திருப்பி வைக்கும் தலைகள் வந்தன.

இந்தத் தலைக்குள் என்ன இருக்கிறது? பழைய கருவிகளில் பெரும்பாலும் ரோஷெல் உப்பு என்ற படிகம். சில படிகங்களை அழுத்தினாலோ வளைத்தாலோ அவற்றில் மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1880இல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக்கும் கண்டறிந்தார்கள். ஊசியின் நெளிவு படிகத்தை முறுக்கும். படிகம் அரை வோல்ட், ஒரு வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் தரும். மலிவான, எளிய முறை.

ஆனால் உப்பு உப்புத்தானே! மழைக்காலத்தில் அடுக்களை உப்பு கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 85 சதவிகிதத்தைத் தாண்டினால் ரோஷெல் உப்பும் ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். மிகவும் உலர்ந்த காற்றிலோ தன்னிடமுள்ள நீரை இழந்து பொடியாகும். 55 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கெட்டே போகும். செங்கோட்டைச் சாரலில் ஈரப்பதம் அந்த எல்லையைத் தாண்டுவது அரிதன்று. ஆகவே பரணில் பல சாரல் காலங்களைக் கண்ட படிகத் தலை உயிரோடு இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெட்டியில் எல்லாம் சரியாக இருந்தும் ஒலி முனகலாக வந்தால், முதலில் ஐயப்பட வேண்டியது இதைத்தான். அதன் இடத்தில் பீங்கான் வகைத் தலையைப் பொருத்தலாம். அதை ஈரம் ஒன்றும் செய்யாது.

ஒளிரும் குழல்கள்

தலையிலிருந்து வரும் மின்னழுத்தம் ஒலிபெருக்கியை நேராக இயக்கப் போதாது. அதை வலுப்படுத்தவே ஆம்ப்ளிஃபையர் வேண்டும். பழைய பெட்டிகளில் அந்த வேலையைச் செய்தவை வால்வுகள். 1904இல் பிளெமிங் இரு முனை வால்வையும், 1906இல் லீ டி ஃபாரஸ்ட் மூன்று முனை வால்வையும் உருவாக்கினார்கள்.

வால்வு என்றால் அடைப்பான். கண்ணாடிக் குழலுக்குள் காற்று இல்லை. நடுவில் ஒரு சூடேற்றும் இழை. அதைச் சூழ்ந்து எதிர்மின்வாய். வெளியே நேர்மின்வாய்த் தகடு. இழை சூடானதும் எதிர்மின்வாயின் மேற்பூச்சிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. தகட்டில் உள்ள 250 வோல்ட் நேர்மின்னழுத்தம் அவற்றை இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவே கிரிட் என்ற கம்பி வலை. வலைக்குச் சிறிது எதிர்மின்னழுத்தம் கொடுத்தால் எலெக்ட்ரான் ஓட்டம் குறையும். மதகுப் பலகையைச் சிறிது ஏற்றி இறக்கி, குளத்தின் பெருவெள்ளத்தைக் கட்டுப்படுத்துவது போல, வலையில் ஏற்படும் சிறு மாற்றம் தகட்டின் பெரிய மின்னோட்டத்தை ஆட்டி வைக்கிறது.

பெங்களூரில் 1954இல் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1960-களில் ரேடியோ வால்வுகளை உற்பத்தி செய்தது. எனவே பழைய பெட்டிகளில் உள்நாட்டு வால்வுகளையும் காணலாம். ஒலிபெருக்கியை இயக்கும் கடைசி வால்வாகப் பெரும்பாலும் இ.எல். 84 போன்ற ஒன்று இருக்கும். ஒரு வால்வு சுமார் 5 வாட் தரும். ஒரு கூடத்துக்கு அது தாராளம். ஆனால் இந்த வால்வு எதிர்பார்ப்பது 5000 ஓம் அளவுள்ள சுமை. ஒலிபெருக்கியின் சுருளோ 8 ஓம். இருவரையும் இணைத்து வைப்பது வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர். அதன் சுற்றுகளின் விகிதம் 25க்கு 1 என்றால், 25இன் வர்க்கமாகிய 625 மடங்கு மாற்றம் கிடைக்கும். 8 ஓம் சுருள் வால்வுக்கு 5000 ஓமாகத் தோன்றும். ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு வால்வுப் பெட்டியை ஓட்டாதீர்கள். சுமை இல்லாத டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் தாறுமாறாக ஏறி அதன் காப்பைப் பொத்துவிடும்.

அவசரம் வேண்டாம்

இப்போது தொடக்கத்தில் சொன்ன எச்சரிக்கைக்கு வருவோம். கண்ணாடி, செம்பு, இரும்பு ஆகியவை பல ஆண்டுகள் கெடுவதில்லை. கெடுபவை காகிதமும் ரப்பரும் மசகும்தான். பழைய பெட்டியின் கண்டென்சர்களில் பல, மெழுகு தோய்த்த காகிதத்தால் ஆனவை. காகிதம் ஈரத்தை உறிஞ்சினால் அது காப்பாக இருப்பதை விட்டு மின்சாரத்தைக் கசியவிடும்.

கடைசி வால்வின் கிரிட்டோடு இணைந்த கண்டென்சர் கசிந்தால் என்ன ஆகும்? இ.எல். 84க்கு உரிய கிரிட் மின்னழுத்தம் −7 வோல்ட் அளவு. கண்டென்சர் வழியே 10 மைக்ரோஆம்பியர் மட்டும் கசிந்து, 4,70,000 ஓம் மின்தடையில் ஓடினால், அது +4.7 வோல்ட்டை அங்கே சேர்த்துவிடும். மதகு பாதிக்கு மேல் திறந்துவிட்டது! வால்வின் தகடு செக்கச்செவேல் என்று சிவக்கும். வால்வு போகும், சில வேளை டிரான்ஸ்ஃபார்மரும் போகும். சில ரூபாய் பெறும் ஒரு கண்டென்சரை முன்கூட்டியே மாற்றியிருந்தால் இந்த இழப்பு நேராது. மின் வழங்கியில் உள்ள பெரிய மின்பகு கண்டென்சர்களும் காய்ந்து போயிருக்கும். ஒலிபெருக்கியில் 'ம்ம்ம்' என்று இடைவிடாத ரீங்காரம் கேட்டால் அவையே காரணம்.

ஆனால் கண்டென்சரைவிட உங்கள் உயிர் பெரிது. வால்வுப் பெட்டிக்குள் 250 முதல் 300 வோல்ட் நேர் மின்னழுத்தம் உண்டு. இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அது கண்டென்சர்களில் தங்கியிருக்கும். மேலும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத மலிவுப் பெட்டிகளில், 'யு' என்ற எழுத்தில் தொடங்கும் வால்வுகள் உள்ளவற்றில் குறிப்பாக, இரும்புச் சட்டமே வீட்டு மின்சாரத்தோடு நேராக இணைந்திருக்கும். தொட்டால் ஆபத்து. மாணவர்கள் இந்தப் பகுதியைத் தனியே தொடவே கூடாது. வால்வு ரேடியோ பழுதுபார்த்துப் பழகிய ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். தென்காசி போன்ற ஊர்களில் விசாரித்தால் அப்படிப்பட்ட மூத்த தொழிலாளர் யாரேனும் இருக்கக்கூடும். அவர்கள் கைப்பழக்கத்தில் உள்ள அறிவு புத்தகத்தில் கிடைக்காது.

அவர் செய்யும் வேலையை வரிசையாகக் கவனியுங்கள். முதலில் இணைப்பைப் பிடுங்குவார். 10,000 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றைக் காப்பிட்ட பிடியோடு பெரிய கண்டென்சர்களின் முனைகளில் பத்து வினாடி வைத்து, மின்னழுத்தம் வடிந்ததை மீட்டரில் உறுதி செய்வார். காகிதக் கண்டென்சர்களையும் மின்பகு கண்டென்சர்களையும் மாற்றுவார். வெடித்த ரப்பர்க் கம்பிகளை நீக்குவார். மின்னழுத்தத் தேர்வுச் செருகி 240இல் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு 60 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து, அதன் வழியே மின்சாரம் கொடுப்பார். பல்பு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கினால் நலம். மங்காமல் முழு ஒளியோடு எரிந்தால் உள்ளே எங்கோ குறுக்குச் சுற்று. பல்பு எரிகிறது, பெட்டி தப்பிக்கிறது.

வால்வு நல்லதா என்று அறிய ஒரு கண் அடையாளமும் உண்டு. கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளிபோல ஒரு பூச்சுத் தெரியும். எஞ்சிய காற்றைப் பிடித்து வைக்கும் பேரியப் பூச்சு அது. பால்போல வெளுத்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. வால்வு இறந்துவிட்டது என்று பொருள். கவலை வேண்டாம். ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் இன்றும் புது வால்வுகள் தயாராகின்றன.

இரு காதுகளுக்கு இரு சுவர்கள்

உங்கள் பெட்டி ஸ்டீரியோ வகையாக இருந்தால் அதில் எல்லாம் இரண்டிரண்டு: இரண்டு ஆம்ப்ளிஃபையர், இரண்டு ஒலிபெருக்கி. ஆனால் ஊசி ஒன்றுதான். ஒரே ஊசி இரண்டு ஒலிகளை எப்படி எடுக்கிறது? பள்ளத்தின் இரு சுவர்களும் 45 பாகை சாய்ந்தவை. உட்சுவரில் இடப்பக்க ஒலி. வெளிச்சுவரில் வலப்பக்க ஒலி. இந்த முறையை இங்கிலாந்தின் ஆலன் புளூம்லைன் 1931லேயே எழுதிக் காப்புரிமை கோரினார். கிட்டப்பா பாடிக்கொண்டிருந்த காலம் அது! கடைகளில் ஸ்டீரியோத் தட்டுகள் பரவலாக வந்ததோ 1958 முதல்தான்.

78 தட்டில் ஒலி பக்கவாட்டு நெளிவில் மட்டுமே உள்ளது. மேலும் கீழுமான அசைவு வெறும் தூசியும் தேய்மானமும். ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரில் 'மோனோ' விசையை அழுத்தினால் இரு பக்க ஒலிகளும் கூடும். பாட்டு இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் வலுக்கும். மேல்கீழ் இரைச்சலோ ஒன்றுக்கொன்று எதிராக இருப்பதால் நீங்கும். கட்டணமில்லாத ஒரு சுத்திகரிப்பு இது.

எதை மாற்றலாம், எதை விடலாம்?

மாற்றிய உறுப்புகளை ஒரு காகிதப் பையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். என்ன செய்தோம் என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். மரத்துக்குப் புது வண்ணம் அடிக்க வேண்டாம். ஓடும் டிரான்ஸ்ஃபார்மரை மாற்ற வேண்டாம். ஈரத்தால் கெடுபவற்றை மாற்றுங்கள். மற்றவற்றைத் துடைத்து விட்டுவிடுங்கள். தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காமல், பரணிலிருந்து இறக்கி, அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைச் சாரல் காலத்தில் உடன் வைத்தால் பூசணம் அண்டாது.

எல்லாம் முடிந்த பிறகு, தட்டைப் பலமுறை ஓட்டாமல், ஒருமுறை நன்றாக ஓட்டிக் கணிப்பொறியில் பதிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு ஓட்டமும் பள்ளத்தைச் சிறிது தேய்க்கத்தான் செய்கிறது.

சரி, கிட்டப்பா எந்தச் சுருதியில் பாடினார்? கோடுகள் அசையாமல் நிற்க, 78இல் தட்டு சுழல்கிறது. ஆர்மோனியக் கட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறீர்கள். சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழுகிறது! கருவியில் குறையா? அவசியமில்லை. அக்காலத்தில் ஒலிப்பதிவு இயந்திரங்களும் எப்போதும் சரியாக 78இல் ஓடவில்லை. சற்றுக் கூடியும் குறைந்தும் ஓடியதுண்டு. உடன் ஒலிக்கும் ஆர்மோனியத்தின் சுருதி, பாடல் ஓடும் நேரம், அதே நாளில் பதிந்த வேறு தட்டு ஆகியவற்றை ஒப்பிட்டுத்தான் உண்மையை நெருங்க முடியும். உங்கள் சுழல்தட்டின் வேகம் உறுதியாக இருந்தால் மட்டுமே அந்த ஆராய்ச்சியைத் தொடங்கலாம். அளவுகோல் கோணலாக இருந்தால் அளப்பது எதை?

எனவே பரணில் அந்தப் பெட்டியைக் கண்டால் பழைய இரும்புக்காரரைக் கூப்பிடாதீர்கள். மின்சாரத்தையும் உடனே கொடுக்காதீர்கள். ஒரு காகிதமும் கோணமானியும் எடுத்து, முதலில் 77 கோடுகள் வரையுங்கள். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 4.675 பாகை. மழை விடுவதற்குள் முடித்துவிடலாம்.